சிவப்பு விளக்கு இரண்டு முறை சிமிட்டுவது போர்டுக்காக அல்ல

வாசகர் கேள்வி: பல்லடம் பக்கத்துல எட்டுத் தறி ஓட்டிட்டு இருக்கோமுங்க. தறிக் குடோனை ஒட்டுன ஆபீஸ் ரூம்ல ஒரு சின்ன டெஸ்க்டாப் இருக்குது. எச்பி காம்பேக் ப்ரோ 6300, மேசை மேல படுக்க வெக்கிற மாடல். ஐ5-3470 ப்ராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். செகண்ட் ஹேண்டா வாங்கி அஞ்சு வருசமாச்சு. காத்தால நல்லா ஓடுதுங்க. மத்தியானம் ஆனா இழுக்குது, அப்புறம் பட்டுன்னு ஆஃப் ஆயிருது. உடனே ஆன் பண்ணுனா பவர் பட்டன் சிவப்பா ரெண்டு ரெண்டு தடவ சிமிட்டி பீப் அடிக்குது. திங்கக்கெழம வந்து போட்டா தேதி பழசாப் போயிருது, ஜிஎஸ்டி சைட்டு திறக்க மாட்டீங்குது. பின்னாடி இரும்பத் தொட்டா சுருசுருங்குது. மெக்கானிக் போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்லிட்டாருங்க. உள்ள இருக்கறது பூராம் டேலி கணக்கு. என்ன பண்ணலாமுங்க?

பதில்: வணக்கமுங்க. போர்டு (கணினியின் மதர்போர்டு) போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு அறிகுறிகூட இல்லை. நான்கு தனித்தனிக் கோளாறுகள் ஒரே பெட்டியில் சேர்ந்திருக்கின்றன. சூடு, தேதி பேட்டரி, களைத்துப்போன ஹார்ட் டிஸ்க், எர்த். நான்கில் ஒன்றுக்கும் போர்டை மாற்ற வேண்டியதில்லை.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கு. இந்த வரிசை எச்பி அலுவலகக் கணினிகளில் பவர் பட்டனே நோயைச் சொல்லிவிடும். நொடிக்கு ஒன்றாகச் சிமிட்டி, இரண்டு நொடி நிறுத்தி, மறுபடி சிமிட்டும். எத்தனை முறை என்று எண்ணினால் போதும். இரண்டு என்றால் ப்ராசசர் அளவுக்கு மீறிச் சூடாகிப் பாதுகாப்புக்காக நின்றிருக்கிறது. நான்கு என்றால் பவர் சப்ளை, ஐந்து ராம், ஆறு கிராபிக்ஸ், ஏழு போர்டு. பீப் ஒலி ஐந்து சுற்றோடு நின்றுவிடும், விளக்கு மட்டும் தொடர்ந்து சிமிட்டும். அதனால் பீப்பை நம்பாமல் விளக்கை எண்ணுங்கள். உங்களுக்கு வருவது இரண்டு. மெக்கானிக் சொன்னது உண்மையாக இருந்தால் ஏழு வந்திருக்க வேண்டும்.

மத்தியானம் இழுப்பதும் இதே கதைதான். ஐ5-3470 ப்ராசசர் முழு வேகத்தில் 77 வாட் வரை வெப்பத்தைக் கக்கும். உள்ளே சுமார் 105 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் இழுவை அது. அப்படியும் சூடு தணியாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரத்தை வெட்டிவிடும். பெட்டியின் உயரமே 10 சென்டிமீட்டர்தான். அதற்குள் காற்று போய் வரும் வழி மிகக் குறுகல். பெரிய டவர் பெட்டியில் இரண்டு வருடத்தில் அடைக்கும் பஞ்சு இதில் ஆறு மாதத்தில் அடைத்துவிடும்.

உங்கள் அறையில் பறப்பது வெறும் தூசி அல்ல என்பதையும் கவனத்தில் வையுங்கள். பாவு நூலுக்கு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) போட்ட கஞ்சி தறியில் உரசி உதிர்ந்து பஞ்சோடு சேர்ந்துதான் பறக்கிறது. அது ப்ராசசரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து, ஈரக்காற்று பட்டுப் பட்டுக் கம்பளித் துண்டு போல ஒட்டிக்கொள்ளும். மேலே ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். ஆனால் அந்தக் காற்று தகடுகளுக்குள் இறங்காது. பெட்டியைத் திறந்து பார்த்தவர்கூட "ஃபேன் ஓடுதே" என்று மூடிவிடுவது இதனால்தான். ஃபேனைக் கழற்றினால்தான் அடியில் இருக்கும் பஞ்சு மெத்தை தெரியும்.

கை வைக்கும் முன் இரண்டு வேலைகள். நாளைக் காலை, கணினி குளிர்ந்திருக்கும்போதே டேலியில் பேக்கப் எடுத்து இரண்டு பென் டிரைவில் தனித்தனியாகப் போடுங்கள். ஒன்றை வீட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள். டேலியின் டேட்டா ஃபோல்டரையும் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதை முடிக்காமல் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, அந்தச் சுருசுருப்பு. கணினியின் பவர் சப்ளைக்குள் பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கும். மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு மீட்டர் காட்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருசுருப்போடு நிற்கிறது. ஆனால் நாளைக்கே பவர் சப்ளைக்குள் ஒரு இன்சுலேஷன் போனால் முழு 230 வோல்ட்டும் அதே இரும்புக்கு வரும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பிரிண்டர் கேபிளையோ டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனையோ செருகும்போது அந்த யுஎஸ்பி போர்ட் எரிந்துபோகவும் இந்தக் கசிவு காரணமாகலாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். பல பாக்ஸ்களில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே இரண்டு வயர்தான் ஓடும். அதைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். அங்கேயும் சுருசுருத்தால் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ பேஸ்–நியூட்ரல் அளவே காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மீட்டர் மட்டும் ஏமாற்றும், அதனால் டெஸ்ட் லாம்ப் போட்டும் அவர் பார்க்கட்டும். எர்த் நன்றாக இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி இருந்தால் ட்ரிப் ஆகும். உங்கள் பக்கத்துச் சுக்கான் மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது சாதாரணம். குழியில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதே பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது.

இப்போது சுத்தம் செய்யும் வேலை. தேவையானவை: டி15 நட்சத்திரத் தலை பிட் (இந்தப் பெட்டியின் பெரும்பாலான ஸ்க்ரூக்களுக்குத் தட்டை ஸ்க்ரூடிரைவரும் பிடிக்கும்), மிருதுவான ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், ஒரு சின்ன ட்யூப் தெர்மல் பேஸ்ட் (ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தடவும், சூடு கடத்தும் பசை), மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தரும் ஆல்கஹால். கை கழுவும் சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரினும் தண்ணீரும் கலந்திருக்கும். துடைக்கப் பனியன் வேஸ்ட்டையும் எடுக்காதீர்கள். நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் கைக்கு வரும், ஆனால் அதிலிருந்தே நூல் உதிரும். ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் ஒரு நூல் நின்றாலும் செய்த வேலை வீண். மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி நல்லது.

கணினியை ஐந்து நிமிடம் ஓட விட்டு அணையுங்கள். பழைய பேஸ்ட் இளகட்டும் என்பதற்காக. வயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். மேல்மூடியின் கைப்பிடியைத் தூக்கினால் மூடி கழன்று வரும். டிவிடி டிரைவ் இருக்கும் கூண்டு கதவு மாதிரி மேலே எழும்பும், அதை நிமிர்த்தினால் அடியில் இருப்பவை தெரியும். எந்த வயர் எங்கே போகிறது என்று மொபைலில் மூன்று நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு நடுவில் அவ்வப்போது பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டால் உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்கும்.

ஃபேன் வயரைப் பிடுங்கி, ஹீட்சிங்க்கின் நான்கு மூலை ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு மூலையை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ப்ராசசர் மீது ஒருபக்கமாக அழுத்தம் விழும். நான்கும் தளர்ந்த பிறகு ஹீட்சிங்க்கை நேராகப் பிடுங்காமல் இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். ப்ராசசரைப் பூட்டியிருக்கும் இரும்புச் சட்டத்தைத் திறக்க வேண்டாம். அதன் அடியில் மயிரிழை போன்ற பின்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்தால் அன்றைக்குத்தான் உண்மையாகவே போர்டு போகும்.

ஹீட்சிங்க்கைத் தனியாக வெளியே எடுத்தாகிவிட்டதால் அதை எப்படி வேண்டுமானாலும் சுத்தம் செய்யலாம். தறிக்கு அடிக்கும் கம்ப்ரஸர் காற்று இதற்கு அருமையாக உதவும். பெட்டிக்குள் இருக்கும் போர்டு மீது மட்டும் அதை நேராக அடிக்கக் கூடாது. டேங்க்கில் தேங்கிய தண்ணீர் காற்றோடு சிதறி போர்டில் படியும். 6, 7 பார் அழுத்தம் சின்ன பாகங்களைப் பெயர்த்துவிடும். ஃபேன் தன் வேகத்தைப் போலப் பல மடங்கு சுற்றி பேரிங் போய்விடும். கம்ப்ரஸர்தான் இருக்கிறது என்றால் டேங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, அழுத்தத்தைக் குறைத்து, ஒரு அடிக்கும் மேல் தள்ளி நின்று அடியுங்கள். ஃபேன் இறக்கையில் ஒரு குச்சியைக் குறுக்கே கொடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி ப்ளோயர் இருந்தால் அதுவே மேல். எதில் அடித்தாலும் ஆபீஸ் ரூமுக்குள் வேண்டாம், வாசலுக்குக் கொண்டு போங்கள்.

பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது, வயரைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அடிக்கும். வெளி ஓட்டை வழியாக இரண்டு பக்கமும் மாறி மாறிக் காற்றடித்தால் போதும். பஞ்சு வெளியே வரும் திசையில் அடியுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

ப்ராசசர் மேலும் ஹீட்சிங்க் அடியிலும் காய்ந்த பேஸ்ட்டை ஆல்கஹால் நனைத்த துணியால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை துடையுங்கள். நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவு புதுப் பேஸ்ட். அதற்கு மேல் வேண்டாம். மருதாணி மாதிரி அப்பினால் சூடு கடத்துவது குறையும். ஹீட்சிங்க்கை நேராக இறக்கி, ஸ்க்ரூக்களை எதிரெதிராக இறுக்குங்கள். ஃபேன் வயரைத் திரும்பச் செருக மறந்துவிடாதீர்கள்.

ஃபேனைக் கையால் சுண்டிப் பாருங்கள். நான்கைந்து சுற்று வழுக்கி ஓடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் பேரிங் காய்ந்திருக்கிறது. நடு ஸ்டிக்கரைத் தூக்கி ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டால் சில மாதம் தள்ளும். எண்ணெய் இன்னும் பஞ்சைப் பிடிக்கும் என்பதால் அதற்குள் அதே மாடல் ஃபேனை வாங்கி மாற்றிவிடுவதே சரி. தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்து நிற்கும்.

அடுத்து தேதி. போர்டில் சிஆர்2032 என்ற காசு வடிவ 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. சுவர் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை கணினியின் கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும். பேட்டரிக்கு வேலை வருவது மெயின் ஆஃப் ஆன பிறகுதான். சனிக்கிழமை சாயங்காலம் மெயினை இறக்கிவிட்டுப் போகிறீர்கள், ஞாயிறு முழுக்க அந்தப் பேட்டரிதான் தாங்க வேண்டும். அதனால்தான் உங்களுக்குத் திங்கட்கிழமை மட்டும் தேதி தவறுகிறது. மெயினை இறக்குவது நல்ல பழக்கம், அதை மாற்ற வேண்டாம். பேட்டரியை மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். மீட்டரில் 2.8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினாலே மாற்றலாம். ஜிஎஸ்டி தளம் திறக்காததற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே நின்றால் பிரவுசர் உள்ளே விடாது. தேதி சரியானால் தளமும் திறக்கும். கடந்த திங்கட்கிழமைகளில் போட்ட பில்களின் தேதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றும் முன் கணினியை ஆன் செய்து எஃப்10 அழுத்தி, செட்டப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஸ்டோரேஜ் பகுதியில் சாட்டா (டிஸ்க்கைப் போர்டோடு சேர்க்கும் இணைப்பு) எந்த முறையில் இருக்கிறது என்று. பேட்டரி மாற்றிய பிறகு அது மாறிப்போயிருந்தால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நிற்கும். பயந்து பார்மட் செய்துவிடுபவர்கள் உண்டு. பழைய முறைக்கு மாற்றினால் பழையபடி எழும்பும்.

மூன்றாவது ஹார்ட் டிஸ்க். சூடு தீர்ந்த பிறகும் டேலி திறக்க நிமிடக்கணக்கில் ஆனால் காரணம் இதுதான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சி5 பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. பூஜ்ஜியமாக இருந்தாலும் நான் 256 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடத்தான் சொல்வேன். சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். எம்.2 என்று சொல்லிக் கடைக்காரர் நீட்டும் சின்ன அட்டை இந்தப் போர்டில் ஏறாது. போர்டில் வேகமான 6 ஜிகாபிட் இணைப்பு ஒன்றே ஒன்றுதான், சாட்டா0 என்று எழுதிய அடர்நீலச் சாக்கெட். எஸ்எஸ்டியை அதில் செருகுங்கள். சி5 ஏறிய டிஸ்க்கை அப்படியே புதியதற்கு நகலெடுக்க (குளோன் செய்ய) முயன்றால் பாதியில் நின்று டிஸ்க் இன்னும் மோசமாகும். அப்படியென்றால் புதிதாக விண்டோஸ் போட்டு, பேக்கப்பிலிருந்து கணக்கை ஏற்றுங்கள்.

ராம் 4 ஜிபி இன்றைக்குப் பற்றாது, 8 ஆக்குங்கள். டிடிஆர்3 டெஸ்க்டாப் ராம் வேண்டும். டிடிஆர்3எல் என்று இருந்தாலும் இதில் ஓடும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராமை வாங்கிவிடாதீர்கள், கணினி எழும்பாமல் ஐந்து முறை சிமிட்டும். கோவை காந்திபுரத்துப் பக்கம் வாங்கப் போனால் பழைய ராமையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். செகண்ட் ஹேண்ட் போதும். இதில் போடும் டிடிஆர்3 ராம் அடுத்த கணினிக்கு உதவாது, எஸ்எஸ்டி உதவும். அதனால் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள்.

இந்தக் கணினியை இன்னும் எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் குறைந்தது 8ஆம் தலைமுறை ப்ராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உங்களுடையது 3ஆம் தலைமுறை. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கணக்குக் கணினியைக் கொடுக்க வேண்டாம், ஒரு அப்டேட்டில் நின்றுபோனால் கேட்க ஆள் இருக்காது. கணக்கு எழுதவும் பில் அடிக்கவும் இந்தப் பெட்டியே தாராளமாகப் போதும். வங்கிப் பரிமாற்றத்தை மட்டும் அப்டேட் வரும் வேறொரு கணினிக்கு மாற்றிவிடுங்கள். ஒருவேளை பவர் சப்ளை போய்விட்டால் வெளியில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் இதில் பொருந்தாது. இணைப்பான் வேறு, அளவும் வேறு. அதே மாடலின் பழைய சப்ளை கிடைத்தால் மாற்றலாம், இல்லையென்றால் அந்தப் பணத்தைச் சேர்த்து 8ஆம் தலைமுறைப் பெட்டி ஒன்றை வாங்குவதே லாபம்.

வைக்கும் இடத்தையும் மாற்றுங்கள். தறிக் குடோன் கதவுக்கு நேராக வேண்டாம், தரையிலும் வேண்டாம். உதிரும் பஞ்சு தரையில்தான் அதிகம் புரளும். பின்பக்கம் சுவரிலிருந்து அரையடி விடுங்கள். அதன் மேல் மானிட்டரை வைத்தால் பரவாயில்லை, துணிக்கவர் போட்டபடி ஓட்டுவது கூடாது. முன் ஓட்டையில் பனியன் துணியை வடிகட்டியாகக் கட்டுவதும் தவறு. பத்து நாளில் அந்தத் துணியே பஞ்சு பிடித்துக் காற்றை நிறுத்திவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று உங்கள் பக்கத்தில் தறிப் பஞ்சோடு செம்மண்ணையும் கொண்டு வரும். அதனால் ஆவணியில் ஒரு முறை, வெயில் ஏறும் முன் மாசியில் ஒரு முறை ஹீட்சிங்க்கில் காற்றடித்துவிடுங்கள். பேஸ்ட் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு கோர் டெம்ப் மாதிரி ஒரு வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டு, டேலியும் பிரவுசரும் திறந்து மத்தியானம் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 50, வேலை செய்யும்போது 80-க்குள் நின்றால் சரி. 90-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் ஒரு மூலையில் சரியாக உட்காரவில்லை என்று பொருள், கழற்றிப் பேஸ்ட் எங்கே படவில்லை என்று பார்த்து மறுபடி போடுங்கள். வெப்பம் சரியாக இருந்தும் திடீரென்று அணைந்தால் எந்த நேரத்தில் என்று குறித்து வையுங்கள். தறி மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தோடு ஒத்துப்போனால் அது வோல்டேஜ் இறங்குவது, கணினியின் குற்றமில்லை. யுபிஎஸ் இருந்தால் அதன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்படியும் சிவப்பு விளக்கு வந்தால் எத்தனை முறை சிமிட்டியது என்பதை மட்டும் எண்ணி எழுதுங்கள்.